போட்டோவும் முகமும்

விசில் ஊதியாகிவிட்டது, கால்கள் கிளம்பிவிட்டன, நான்தான் இன்னும் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னாலேயே நின்று கணுக்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. கணுக்காலில் சிப்பு கட்டியிருக்கிறார்கள், தீப்பெட்டியில் பாதி இருக்கும், கறுப்புப் பட்டை, கோட்டில் விரித்திருக்கும் ரப்பர் பாயை மிதிக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தி, இவள் வந்துவிட்டாள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நான் வாயால் சொன்னால் எடுபடாது. நல்லதுதான், பிரம்மசக்தி வாயால் சொல்லுவதை எங்கள் ஊரிலேயே ஒருத்தரும் நம்புவதில்லை, மத்திய அரசு மட்டும் ஏன் நம்ப வேண்டும். நாலு சுற்று. அவ்வளவுதான். நாலு சுற்றை அவர்கள் சொன்ன நேரத்துக்குள் ஓடிவிட்டால் உயரம் அளக்கிற கூடாரம், அப்புறம் டாக்டர், அப்புறம் காக்கி. இதோ என் முழங்கைக்குப் பக்கத்தில் ஜெபசீலி ஓடுகிறாள், ஒன்பதாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து பெஞ்சு, வாயை இறுக்கி மூடி மூக்கால் மட்டும் மூச்சு விடுகிறாள், யூடியூபில் எவனோ சொன்னானாம். “ஏட்டி, இப்பமே வேகம் பிடிக்காத, கடைசியில நொண்டுவ” என்கிறாள், அதற்காக மூடிய வாயைத் திறந்துவிட்டாள், இனி அவள் கணக்குப்படி மூச்சு கெட்டது. நான் பதிலுக்கு எங்கள் ஊர் மினி பஸ் கண்டக்டர் குரலில், “முன்னால போங்க, முன்னால போங்க, உள்ள எடம் கெடக்கு” என்கிறேன், முன்னால் ஓடுகிற முதுகுகளில் ஒன்று குலுங்கிச் சிரிக்கிறது. சிரிக்க வைத்துவிட்டால் எனக்குக் கால் வலிக்காது. இந்த வித்தையை எந்தக் கடையில் விற்கிறார்களோ தெரியாது, எனக்குப் பிறவியிலேயே கிடைத்துவிட்டது, ஒரு தடவை கேட்டால் போதும், அந்தக் குரல் என் தொண்டையில் வந்து சாய்வாக உட்கார்ந்துகொள்ளும், ரேஷன் கடைக்காரர், ஹெட்மிஸ்ட்ரஸ், மீன்காரி, கூகுள் மேப் அக்கா, எல்லோரும் உள்ளேதான் குடியிருக்கிறார்கள், யாரும் வாடகை தருவதில்லை.

ஆனால் மெதுவாகத்தான் பேச வேண்டும், மீசை அங்கே நிற்கிறார். மீசை என்பது ஹவில்தார், பெயர் என்னவோ சட்டையில் இந்தியில் எழுதியிருக்கிறது, எங்களுக்கு மீசைதான் முதலில் தெரிந்தது. விடியற்காலையிலிருந்து எங்களை உட்கார வைத்து, எழுப்பி, உட்கார வைத்து, நம்பர் பார்த்து, மறுபடி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இருக்கிறதே, ஜல்லி லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டுகிற மாதிரி, முதலில் ஒரு கர்ர், அப்புறம் மொத்தமாக விழும், “பைட்டோ!” அவ்வளவு ருசியான குரலை நான் கேட்டதே இல்லை, கேட்ட பிறகு சும்மா இருப்பது எப்படி. அவர் அந்தப் பக்கம் திரும்பி டீ வாங்குகிற நேரம் பார்த்து, உட்கார்ந்து கால் மரத்து அப்போதுதான் எழுந்து நின்ற அத்தனை பெண்பிள்ளைகளுக்கும் நடுவில் நின்று நான் விட்டேன், “பைட்டோ!” மைதானமே உட்கார்ந்துவிட்டது. கூடாரக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு கான்ஸ்டபிள் கூட முழங்காலை மடக்கினார், சத்தியமாகப் பார்த்தேன். மீசைக்கே ஒரு நொடி இடுப்பு தாழ்ந்த மாதிரி இருந்தது, டீ கையில் ஆடியது. அப்புறம் மெல்லத் திரும்பினார், மெல்ல நடந்து வந்தார், எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் சிரிப்பை அடக்கத் தெரியாமல் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தேன், கண்டுபிடிக்கப் பெரிய துப்பறியும் மூளை தேவையில்லை. குனிந்து என் நெஞ்சு நம்பரைப் படித்தார். ரொம்ப வருஷம் இங்கே இருந்திருப்பார் போல, தமிழ் வந்தது, இந்திச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தது. “இன்னொரு வாட்டி என் சத்தம் உன் வாய்ல வந்துச்சு, நீ கேட்டுக்கு வெளியே. ஓட்டம் பாஸ் ஆனாலும் வெளியே. சமஜ் கயா?” புரிந்ததா என்கிறார். சமஜ் கயா சார் என்றேன், நல்லவேளை என் குரலிலேயே சொன்னேன். அவர் போனதும் ஜெபசீலி என் தொடையில் கிள்ளினாள். “வாய வச்சிக்கிட்டு சும்மா இருட்டி. ஒனக்கு வேலை கெடைக்கலன்னா நக்கலடிச்சுப் பொழைச்சுக்கிடுவ. எனக்கு இத விட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து பூ வச்சிருவான்.” கேட்டுக்கு வெளியே. அந்தச் சொல் மட்டும் கிள்ளின இடம் மாதிரி கன்றிப்போய்க் கிடக்கிறது. எனக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்று தெரியும், மீசைக்குத் தெரியாது எனக்குத் தெரியும் என்று.

கீச். முதல் சுற்று. பாயை மிதித்தாகிவிட்டது. எங்களுக்கு முன்னால் மஞ்சள் பனியன் கூட்டம் ஒன்று ஓடுகிறது, அவர்களை முதலில் விட்டு, அவர்கள் ஒரு சுற்று முடித்த பிறகுதான் நீலப் பனியன்களான எங்களை விட்டார்கள், மஞ்சள் தனி, நீலம் தனி, குழப்பிக்கக் கூடாது என்று காலையில் மைக்கில் சொன்னார்கள், மைக்கில் சொன்னது பாதி இரைச்சல். புழுதி உதட்டில் உப்புக் கரிக்கிறது, இல்லை, அது என் வேர்வைதான். எங்கள் ஊரில் எல்லாமே உப்புதான், அப்பா ஓட்டுவது உப்பு லாரி, நானும் ஜெபசீலியும் ஓடிப் பழகியது உப்பளத்து ரோட்டில், வெள்ளைக் குவியல்களைச் சுற்றி ஒரு வட்டம். எதுக்குட்டி ஒனக்குப் போலீசு வேலை என்று கேட்காத ஆளில்லை. ஆளுக்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு குரல். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு மேடைப் பேச்சுக் குரலில் தேச சேவை. அப்பாவுக்குச் சித்தப்பா குரலில் சம்பளம், பென்ஷன், குவார்ட்டர்ஸ். ஜெபசீலிக்கு, துப்பாக்கி தருவான்லாட்டி என்று. விமான நிலைய வாசலில் நிற்கிறார்களே, அந்தப் படைக்குத்தான் நான் முதல் விருப்பம் போட்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், “ஒன்ன ஏர்போர்ட்டுலயா போடுவான், ஏசி காத்து வாங்கட்டும்னு? ஏதாவது நிலக்கரிச் சுரங்கத்துல போடுவான், கரிக்கட்டைய எண்ணிக்கிட்டு நில்லு” என்பாள். போடட்டும். அங்கேயும் அதே படைதான் காவல், முதலில் சுரங்கம், அப்புறம் அணைக்கட்டு, அப்புறம் என்றைக்காவது ஒரு நாள் திருவனந்தபுரம், அந்தக் கண்ணாடி வாசல், நான்.

நான்காம் வகுப்பில் பார்த்த வாசல். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன நாள். அப்பா, நான், அப்பா இடுப்பில் தம்பி சுயம்பு, அம்மாவின் கயிறு கட்டிய பெட்டி, அதன் மேல் பேனாவால் பெரிதாக எழுதிய அவள் பெயர். வாசலில் ஒரு பெண் நின்றாள், காக்கி, பெல்ட், இறுக்கிக் கட்டிய கொண்டை, கொண்டைக்கு மேல் ஒரு வலை. நான் அம்மா சேலையைப் பிடித்தபடி கூடவே நடந்தேன், நான் கூடப் போகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லையே. அந்தக் காக்கிக்காரி என் தலைக்கு மேல் கையை நீட்டினாள், அடிக்கவில்லை, தள்ளவில்லை, கை சும்மா நின்றது, கேட்டுக் கம்பி மாதிரி. “டிக்கெட் உள்ளவங்க மட்டும்.” அப்புறம் அம்மாவின் பாஸ்போர்ட்டை வாங்கினாள். போட்டோவைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி போட்டோ. மறுபடி முகம். அம்மா அழுது மூக்கெல்லாம் வீங்கிப்போய் இருந்தாள், போட்டோவில் அப்படி இல்லை, அதனால் அவளுக்குச் சந்தேகம் போல, நிதானமாக, கண், புருவம், மூக்கு, தாடை என்று இறங்கிப் பார்த்தாள். நாங்கள் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. பஸ்ஸில் அத்தனை தூரம் வந்தோமே, நான் ஜன்னலைப் பார்த்தேன், தம்பி தூங்கினான், அப்பா பெட்டியைப் பார்த்தார், ஒருத்தரும் அவள் முகத்தை அப்படிப் பார்க்கவில்லை, பார்த்தவள் யாரோ ஒருத்தி, சம்பளத்துக்கு. உள்ளே போனவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டியிருப்பாள், எங்களுக்குத் தெரிந்தது எங்கள் கைகள்தான், கண்ணாடியில் நாங்களே எங்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டு நின்றோம். விலா குத்துகிறது. இடது பக்கம். மூச்சை இழு, விடு, இழு. அந்த வாசலில் நிற்கிறவளுக்கு ஊரில் உள்ள அத்தனை பேருடைய அம்மாவின் முகமும் தெரியும் என்று அன்றைக்கு நினைத்தேன், அந்த நினைப்பு அப்படியே வளர்ந்துவிட்டது, நான் வளர்ந்தேன், அதுவும் கூடவே உயரம் போட்டது, இன்றைக்கு அளந்தால் அதுவும் பாஸ்.

எனக்குத் தெரியாமல் இல்லை, வருகிறவர்களை அந்த வாசலில் யாரும் நிறுத்துவதில்லை, வருகிறவர்களுக்கு வாசல் வேறு, கீழே, தள்ளுவண்டியோடு அவர்கள் பாட்டுக்கு வெளியே வருவார்கள். மேலே காக்கி நிற்பது போகிறவர்களுக்குத்தான். அதாவது நான் அங்கே போய் நின்றால் எனக்குக் கிடைப்பதெல்லாம் போகிற முகங்கள். ஜெபசீலி கேட்டால் இதற்குத்தான் சிரிப்பாள், போயும் போயும் வழியனுப்புற வேலைக்காட்டி இப்படி ஓடுத என்பாள். ஆனால் நான் ஒன்று வைத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாதது, என் வாழ்க்கையிலேயே பெரிய சேட்டை அதுதான், மற்றதெல்லாம் அதற்கு ஒத்திகை. அம்மா லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவாள் இல்லையா, ஒவ்வொரு தடவையும் வருவதற்கு முன்னாலேயே திரும்பிப் போகும் டிக்கெட் எடுத்துவிடுவாள் இல்லையா, அன்றைக்கு வாசலில் நான் நிற்பேன். தொப்பி, பெல்ட், கொண்டை வலை. பாஸ்போர்ட்டை நீட்டுவாள். போட்டோவைப் பார்ப்பேன். முகத்தைப் பார்ப்பேன். அவசரமே படாமல் பார்ப்பேன், அது என் டியூட்டி, பின்னால் வரிசை நிற்கட்டும், பிளேன் நிற்கட்டும். கண், புருவம், மூக்கு, தாடை. அப்புறம் அந்தக் காக்கிக்காரி குரலிலேயே, “இந்தப் போட்டோவும் முகமும் ஒத்துப்போகல. உள்ள விட முடியாது. வீட்டுக்குப் போங்க” என்பேன். அம்மா பயந்துவிடுவாள். அப்புறம்தான் தொப்பிக்குக் கீழே பார்ப்பாள். அப்புறம்... அப்புறத்தை நான் எப்போதும் பார்த்ததில்லை, அந்த இடத்தில் வந்ததும் நினைப்பு மறுபடி முதலில் போய் நின்றுகொள்கிறது, பாஸ்போர்ட்டை நீட்டுவாள், போட்டோவைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன். கீச். இரண்டாவது சுற்று. வட்டத்தில் ஓடினால் நினைப்பும் வட்டத்தில்தான் ஓடும் போல.

ஜெபசீலி ரெண்டு எட்டு முன்னால் போய்விட்டாள். அவள் பின்னல் வலது இடது என்று அடிக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே ஓடினால் தூக்கம் வரும். பேசாமல் ஓடு. ஒரு குரல் வேண்டும், இழுத்துக்கொண்டு போக ஒரு குரல், கண்டக்டர் ஏறமாட்டேன் என்கிறார், ஹெட்மிஸ்ட்ரஸ், “பிரம்மசக்தி, ஸ்டாண்ட் அப் ஆன் த பெஞ்ச்” என்கிறார், இப்போதா. கூகுள் அக்கா, நேராகச் செல்லவும் என்கிறாள், வட்டத்தில் எங்கே நேர். அம்மா குரலை எடுக்க மாட்டேன். அது உண்டு, உள்ளே ஆழத்தில், பானைக்குள் போட்டு மூடி வைத்த மாதிரி. அம்மாவின் பழைய குரல், குவைத்துக்கு முந்தினது, தெரு முனையிலிருந்து கூப்பிட்டால் உப்பளத்தில் கேட்கும், “ஏட்டி பிரம்மூ, சோறு ஆறுது!” அவள் போன புதிதில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் அந்தக் குரலில் நான்தான் பேசுவேன், ஆமா டீச்சர், பிள்ளைக்குக் காய்ச்சல் டீச்சர் என்று. அதெல்லாம் சில்லறை. ராத்திரி சுயம்பு அம்மை அம்மை என்று அழுவான், அப்பா லோடோடு போயிருப்பார், நான் உள் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “ஏலேய் சுயம்பு, அம்மை வந்துட்டேம்லா, கண்ண மூடுல” என்பேன், அவன் கண்ணை மூடிவிடுவான். அவ்வளவு சுலபம். தினமும். அம்மா முதல் தடவை லீவுக்கு வந்தபோது பெட்டி நிறையச் சாக்லேட்டோடு வாசலில் குந்தி அவனைக் கூப்பிட்டாள், “சுயம்பு, வாய்யா”, கிசுகிசுப்பாக வந்தது, எனக்கே தூக்கிவாரிப் போட்டது. குவைத் வீட்டில் சத்தமாகப் பேசினால் எஜமானிக்குப் பிடிக்காதாம், மெதுவாகப் பேசிப் பேசி குரலே உள்ளே போய்விட்டது. சுயம்பு என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். “நீங்க யாரு? எங்கம்மை உள்ள ரூம்புல இருக்கா. ராத்திரிதான் பேசுவா.” அம்மா அழவில்லை. சிரித்தாள். சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தாள், களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் தெளிந்து கண்ணாடி மாதிரி ஆன பிறகும் களைந்துகொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்தக் குரலை நான் எடுக்கவில்லை. இப்போது போனில் கிசுகிசுப்பு வரும், நேற்றும் வந்தது, “பிரம்மு, ஓட்டம் முடிஞ்சதும் சொல்லு, என்ன? கார்த்திகைக்கு வாரேன், தைக்குள்ள திரும்பிரணும்”, அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, எப்போதும் கேட்கிற கேள்வி, “நீதானாட்டி பேசுத? வேற யாரு மாதிரியும் பேசலியே?” நான்தாம்மா என்றேன். நான்தான் என்பதைச் சொல்ல என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை.

வளைவு. வளைவுக்கு அப்புறம் கோடு. மஞ்சள்கள் கடைசி ஓட்டம் ஓடுகிறார்கள், எங்களுக்குள்ளே கலந்து, எங்களைத் தாண்டி, கையை வீசிக்கொண்டு, ஒருத்தி அழுதுகொண்டே ஓடுகிறாள். அவர்களுக்கு நாலு, எங்களுக்கு மூணு. அவர்களுக்கு நாலு, எங்களுக்கு மூணு. கோட்டில் மீசை விசிலை நீளமாக ஊதுகிறார், “பஸ்! ஹோ கயா! பைட்டோ, பைட்டோ!” முடிந்தது, உட்கார், உட்கார். மஞ்சள்கள் பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள், புழுதி எழும்புகிறது, கீச் கீச் கீச் என்று பாய் கத்துகிறது, என் கீச் எது என்றே தெரியவில்லை, அந்தப் புழுதிக்குள் ஒரு பின்னல் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. ஜெபசீலி. ஒதுங்கி, முழங்காலில் கையை ஊன்றி, அப்புறம் புல்லில் உட்கார்ந்தே விட்டாள், அவளைப் பார்த்து இன்னும் ரெண்டு மூணு நீலம். உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஜெயித்துவிட்டோம்டி என்கிற சிரிப்பு. “ஏட்டி! எந்திரி! இன்னும் ஒரு சுத்து இருக்கு!” கத்துகிறேன், காலை நிறுத்தவில்லை, இருந்த இடத்திலேயே குதிக்கிறேன். அவள் சிரிப்பு இன்னும் அகலமாகிறது. “போட்டீ! ஒன் ஒரு சுத்து எனக்குத் தெரியாதா?” தெரியும், தெரியாமல் என்ன, உப்பளத்து ரோட்டில் எத்தனை நாள், ஓடி முடித்துக் குவியலில் சாய்ந்த பிறகு, “இன்னும் ஒண்ணு பாக்கிட்டி, நீ தப்பா எண்ணிட்ட” என்று நான் சொல்ல, அவள் நம்பி, தன்னந்தனியாக ஒரு வட்டம் ஓடிவிட்டு வர, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள. “சத்தியமாட்டி! மஞ்சளுக்குத்தான் முடிஞ்சிது! நமக்கு மூணுதான்!” “கர்த்தர் மேல சத்தியம்னு அன்னைக்கும் சொன்ன. போ, நீயே ஓடு, நான் ஒக்காந்து பாக்கேன், இன்னைக்கு என் முறை.” ஓடுகிற நீலங்களை மஞ்சள்கள் கிளப்பிய புழுதி மறைக்கிறது. அவளுக்கு என்னைத்தான் தெரிகிறது, என்னைத் தெரிவதுதான் கஷ்டம். நேரம் போகிறது, என் நேரம், அவள் நேரம், கணுக்காலில் தீப்பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கிறது.

ஓட ஆரம்பித்துவிட்டேன். அவள் பாடு, நான் சொன்னேன், சொல்லிவிட்டேன் அல்லவா, உண்மையைச் சொல்லிவிட்டேன், என் குரலிலேயே சொன்னேன், அதற்குமேல் என்ன செய்ய. என் குரலுக்கு மதிப்பில்லை. எந்தக் குரலுக்கு மதிப்போ அது எனக்குத் தெரியும், தொண்டையிலேயே இருக்கிறது, காலையிலிருந்து சூடு ஆறாமல். இன்னொரு வாட்டி வந்துச்சு, நீ கேட்டுக்கு வெளியே. பாஸ் ஆனாலும் வெளியே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அம்மா நீட்டுகிற பாஸ்போர்ட் வேறு யார் கையிலோ, வேறு எவளோ பார்ப்பாள், கண், புருவம். வேண்டாம். ஓடு. பூ வச்சிருவான் என்றாள். தொடையில் கிள்ளின இடம் ஒவ்வொரு எட்டுக்கும் தெறிக்கிறது. மூடின வாயைத் திறந்து எனக்கு யோசனை சொன்னாளே, கடைசியில நொண்டுவ என்று. நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை, யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன், திரும்பக்கூட இல்லை, கழுத்தை மட்டும் பின்னால் வளைத்தேன், முதலில் அந்தக் கர்ர் வந்தது, அப்புறம் ஜல்லி மொத்தமாக விழுந்தது: “ஏய் நீலா! ருக்கோ மத்! ஏக் ராவுண்ட் பாக்கி! பாகோ! பாகோ!” நீலமே, நிற்காதே, ஒரு சுற்று பாக்கி, ஓடு, ஓடு. மைதானம் முழுக்கப் போயிற்று அது. காலையில் விட்டதை விட நன்றாக இருந்தது, என் வயிற்றில் இருந்த கடைசிக் காற்று வரைக்கும் அதில் இருந்தது. பின்னால் ஒரு அலறல், “ஐயோ ஏசுவே!”, ஜெபசீலிதான், அப்புறம் தடதடவென்று கால்கள், ஒரு ஜோடி இல்லை, மூணு நாலு ஜோடி. அந்த இரைச்சலுக்குப் பின்னால் எங்கோ மீசை நிற்கிறார். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வெளியே போகிற கேட்தான் கண்ணில் படும். எதிர்ப்பக்கத்து வளைவு எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மூச்சு இல்லை, குரலுக்குக் கொடுத்தாயிற்று, குரல் என்பது காற்றுதானே, அதை ஊரெல்லாம் அள்ளி வீசிவிட்டு இப்போது காலுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. கண்டக்டர், ஹெட்மிஸ்ட்ரஸ், மீன்காரி, யாராவது வாங்க. ஒருத்தரும் இல்லை. வீடு காலி. வாய் திறந்தால் புழுதிதான் போகிறது. ஜெபசீலி என்னைத் தாண்டுகிறாள், அழுகிறாளா சிரிக்கிறாளா, “கொன்னுருவேன்ட்டி ஒன்ன” என்று போகிறாள், பின்னல் அடிக்கிறது வலது இடது, அது தூரமாகிறது. கால் யாருடையதோ. விலா யாருடையதோ. அப்போது மூடி வைத்த பானை தானாகத் திறந்து, நான் எடுக்கவில்லை, நான் கேட்கவில்லை, தெரு முனையில் நின்று கத்துகிறாள், ஏட்டி பிரம்மூ, சோறு ஆறுது. வாரேன். சோறு ஆறுதுட்டி. வாரேம்மா, இந்தா, வாரேன். கீச்.

வானம் கிடக்கிறது என் மேல். புல் முதுகில் குத்துகிறது. டேபிளுக்குப் பின்னால் ஒருத்தர் நம்பர் நம்பராகப் படிக்கிறார், என் நம்பர் வருகிறது, அதற்குப் பின்னால், “பாஸ்”. ஒன்றுமில்லாத விஷயம் மாதிரி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். ஜெபசீலி நம்பர் முன்னாலேயே வந்துவிட்டது போல, அவள் என் பக்கத்தில் மண்டி போட்டு என் காதைத் திருகுகிறாள். “எந்திரி, எந்திரி, கூப்பிடுதாரு.” கூப்பிடுகிறவர் மீசை. கூடார வாசலில் நிற்கிறார், உயரம் அளக்கிற கூடாரம், துணிக் கதவைக் கையால் ஒதுக்கிப் பிடித்திருக்கிறார், ஒவ்வொருத்தியாகச் சரிபார்த்து உள்ளே விடுகிறார். வரிசையில் என் முறை வருகிறது. ஹால் டிக்கெட்டைப் பாலித்தீன் கவரிலிருந்து உருவி நீட்டுகிறேன், வேர்வையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவர் என் நெஞ்சு நம்பரைப் பார்க்கிறார். கார்டைக் கையிலேயே வைத்திருக்கிறார். “அது யார் கத்தினது?” என்கிறார். வாயைத் திறக்கிறேன், சார் நான்தான் என்று சொல்லத்தான், பொய் சொல்லவெல்லாம் இல்லை, ஆனால் ஒன்றும் வரவில்லை, வெறும் இரைப்பு மட்டும் வருகிறது, ஹஹ் ஹஹ் என்று, தொண்டையில் ஒரு குரலும் இல்லை, என்னுடையது கூட. எனக்குப் பின்னால் நீலப் பனியன் பிள்ளைகள் மூணு நாலு பேர், அந்தக் கத்தலுக்கு எழுந்து ஓடினவர்கள். அப்புறம் ஜெபசீலி, யூடியூப் மூக்கு மூச்செல்லாம் மறந்துபோய் வாயால் வாங்கிக்கொண்டு, “நீங்கதான் சார் கத்துனீங்க. நாங்க கேட்டோம்” என்கிறாள். ஆமா சார், என்கிறது இன்னொரு நீலம். நீங்கதான் சார்.

மீசை அவர்களைப் பார்க்கிறார். அப்புறம் திரும்பி மைதானத்துக் கோட்டைப் பார்க்கிறார். “நானா,” என்கிறார், மெதுவாக, கொட்டாத லாரி மாதிரி, “நான் மஞ்சளுக்குப் பக்கத்துல நின்னேன்.” அப்புறம், “நீலத்துக்கும் கத்தியிருக்கணும் நான்தான்.” அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்குவதற்குள் கார்டைத் தூக்கிப் பிடித்துவிட்டார். போட்டோவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். போட்டோ ஸ்டூடியோவில் எடுத்தது, பவுடர், பொட்டு, தலையைப் படிய வாரியிருந்தேன், முகம் இப்போது புழுதியும் எச்சிலும். மறுபடி போட்டோ. மறுபடி முகம். கண், புருவம், மூக்கு, தாடை. நான் அசையாமல் நின்றேன். என்னை யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை, பார்க்கப் பார்க்க என் முகம் மெல்லக் கழுவப்படுகிற மாதிரி இருந்தது, அம்மாவுக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ, அழுது வீங்கின முகத்தை ஒருத்தி நிதானமாகப் பார்த்து, நீதான், நீயேதான் என்று ஒத்துக்கொண்டபோது. ஒத்துப்போகல என்று இவர் சொல்லிவிடலாம். சொன்னால் வெளியே. அவருக்கு அது சுலபம், ஒரு சொல். “டீக் ஹை,” என்றார், சரி என்று. துணிக் கதவை இன்னும் கொஞ்சம் ஒதுக்கினார். “உள்ள போ.”

போனேன். உள்ளே நிழல், கூடாரத்தின் நடுவில் ஒரு மர அளவுகோல், அதன் கீழே ஷூவைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். என் முறை வருவதற்குக் கொஞ்சம் இருந்தது, தொண்டையைச் செருமிப் பார்த்தேன், ஒரு நூல் அளவு குரல் திரும்பியிருந்தது. அவர் சொன்ன மாதிரியே, அந்தக் கர்ர் இல்லாமல், மெதுவாக, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன்: உள்ள போ. சரியாக வந்தது. அந்த வேலையில் நின்றால் சொல்ல வேண்டியது அதைத்தான், வேறு ஒன்றையும் இல்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன், பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு அம்மா எனக்கு முன்னால் நிற்கிற மாதிரி. உள்ள போம்மா. அது வேறு யார் குரலிலும் வரவில்லை.